கோட்டுக்கு உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு?

எர்ணாவூர் மேம்பாலத்தை ஒட்டியும் விம்கோ நகர் மெட்ரோ நிலையத்துப் பக்கமும் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் டைப்பிங் தனித் தொழில் இல்லை. லேமினேஷன், ரீசார்ஜ், ஆன்லைன் அப்ளிகேஷன் ஆகியவற்றுக்கு நடுவில் அதுவும் ஒரு வேலை. வருகிற வேலைகளில் பாதிக்கு மேல் படம் கேட்பவை. பாஸ்போர்ட் அளவு போட்டோக்களை ஒரே தாளில் அடுக்க வேண்டும். பாலிடெக்னிக் மாணவனின் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் சர்க்யூட் படம் வைக்க வேண்டும். பதினாறாம் நாள் காரிய நோட்டீஸில் இறந்தவர் படத்துக்குக் கறுப்புக் கட்டம் கட்ட வேண்டும். திங்கள்கிழமை ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைக்குக் கொண்டுபோகும் மனுவில் போட்டோ ஆதாரம் சேர்க்க வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர்க் கரையில் எண்ணெய்க் கசடு ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்தது. இப்படிப்பட்ட கரையில் வாழ்கிறவர்களுக்குப் படம் வைத்த மனு அலங்காரம் இல்லை.

இத்தனை வேலைகளிலும் கேட்பது ஒன்றுதான். படத்தைச் சுற்றி மெல்லிய கோடு. கோட்டுக்கும் படத்துக்கும் நடுவில் கொஞ்சம் வெள்ளை. கோட்டுக்கு வெளியே எழுத்து ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி. ஒரு குழந்தை கேட்டாலும் புரியும். ஆனால் வேர்ட், ரைட்டர், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி செய்ய வழி இல்லை. கணினி தெரியாதவர்கள்தான் இதில் தடுமாறுகிறார்கள் என்று நினைப்பது தவறு. குழப்பம் மென்பொருள்களின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. இரண்டு கேள்விகளுக்கு அவை வெவ்வேறு பதில் சொல்கின்றன. படத்தின் அளவு என்று நாம் கொடுக்கும் எண் எதையெல்லாம் சேர்த்தது? படத்தைச் சுற்றித் தெரியும் வெற்றிடம் யாருடையது: படத்தினுடையதா, பத்தியினுடையதா, எழுத்துருவினுடையதா?

வீட்டுச் சுவரில் மாட்டும் போட்டோவில் இது தெளிவாக இருக்கும். நடுவில் படம், சுற்றி மவுண்ட் அட்டை, பிறகு மரச்சட்டம், அதற்கப்பால் அடுத்த படம் வரை வெறும் சுவர். மவுண்ட் அட்டையின் வேலையைச் செய்வது பேடிங். சட்டம்தான் பார்டர். சுவர் வெளிக்குச் சில மென்பொருளில் மார்ஜின் என்றும், சிலவற்றில் ஸ்பேசிங் என்றும், வேர்டில் ‘டிஸ்டன்ஸ் ஃப்ரம் டெக்ஸ்ட்’ என்றும் பெயர்.

ஈய எழுத்து அச்சகங்களில் இந்தச் சிக்கல் எழ வழியே இல்லை. மரக்கட்டையில் அறைந்த பிளாக் ஒரு பொருள். சுற்றி வைக்கும் பித்தளை ரூல் இன்னொரு பொருள். இரண்டுக்கும் நடுவில் செருகும் ஈயத் தகடும் ஒரு பொருள். எல்லாம் இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கமாக அடங்க வேண்டும். இடைவெளிகூட எடை உள்ள சாமானாக இருந்ததால், எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கம்பாசிட்டரின் விரலுக்கே தெரிந்தது. திரைக்கு வந்தபின்தான் இடைவெளி ஒரு எண்ணாக மாறியது. அந்த எண் எந்தப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று.

தொடக்கத்தில் சிலர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். 1989இல் வந்த வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1 வெறும் எழுத்துத் திரையில் ஓடிய மென்பொருள். மவுஸ் இல்லாமலே வேலை நடக்கும். அதில் படப்பெட்டிக்கான மெனுவில் பார்டர் ஸ்டைல், அவுட்சைடு பார்டர் ஸ்பேஸ், இன்சைடு பார்டர் ஸ்பேஸ் என்று மூன்றும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. கோடு எப்படி, கோட்டுக்கு வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு. அவ்வளவுதான். இதைவிடத் தெளிவான மெனுவைப் பிறகு வந்த எந்தச் சொற்செயலியிலும் நான் பார்க்கவில்லை. சென்னை டிடிபி கடைகளில் வெகுகாலம் ஆட்சி செய்த பேஜ்மேக்கரிலும் வழி இருந்தது. எழுத்தைப் படத்தைச் சுற்றி ஓடவிடும் டெக்ஸ்ட் ராப்பில் ஸ்டாண்ட்ஆஃப் என்று நான்கு பக்க எண்கள் உண்டு. கீலைன் என்ற துணைக் கருவி, கோடு படத்துக்கு எத்தனை பாயிண்ட் வெளியே தள்ளி விழ வேண்டும் என்றும் கேட்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதில் கை பழகியவர்கள் வேர்டுக்கு வந்ததும் முதலில் தேடியது இந்தக் கீலைனைத்தான். அது அங்கே இல்லை.

வேர்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான். ஒரு படத்தை உள்ளே கொண்டுவந்ததும் அது ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ என்ற நிலையில் வந்து உட்காரும். அதாவது வேர்டின் கண்ணில் அது படம் இல்லை. மிகப் பெரிய ஒரு எழுத்து. எழுத்துக்கு நான்கு பக்க இடைவெளி என்று எதுவும் கிடையாது. ஆகவே லேஅவுட் பெட்டியைத் திறந்து ‘டிஸ்டன்ஸ் ஃப்ரம் டெக்ஸ்ட்’ எண்களைத் தேடினால் அவை மங்கிக் கிடக்கும். படத்தை ‘ஸ்கொயர்’ ராப்பிங்குக்கு மாற்றினால் நான்கும் உயிர்பெறும். இடமும் வலமும் 0.32 செ.மீ., மேலும் கீழும் பூஜ்யம் என்று முன்கூட்டியே நிரப்பியிருக்கும். ‘டாப் அண்ட் பாட்டம்’ என்றால் மேலும் கீழும் மட்டும். ‘டைட்’ என்றால் பக்கவாட்டு எண்கள் மட்டும். எழுத்துக்குப் பின்னால் அனுப்பினால் எல்லாமே போய்விடும். ராப்பிங்கைத் தொட்டால் இடைவெளி மாறும் என்று அந்தப் பெட்டி எங்கும் எச்சரிப்பதில்லை.

பார்டர் இரண்டு வெவ்வேறு வாசல்களில் இருக்கிறது. பிக்சர் ஃபார்மேட் பட்டையில் உள்ள ‘பிக்சர் பார்டர்’ படத்தின் ஓரத்தை ஒட்டியே கோடு போடும். உள்ளே வெள்ளை விடச் சொன்னால் அதற்கு வழி இல்லை. அந்தக் கோட்டின் தடிமன் படத்தின் அளவுப் பெட்டியில் உள்ள எண்ணிலும் சேராது. ஹோம் பட்டையில் உள்ள ‘பார்டர்ஸ் அண்ட் ஷேடிங்’ இன்னொரு வாசல். அங்கே பத்திக்குக் கட்டம் கட்டினால் ஆப்ஷன்ஸ் பொத்தானுக்குள் எழுத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று நான்கு எண்கள் உண்டு. மேலும் கீழும் 1 பாயிண்ட், பக்கங்களில் 4 பாயிண்ட் என்று இருக்கும். 31 பாயிண்டுக்கு மேல் ஏறாது. பேடிங் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால், கட்டம் படத்தைச் சுற்றி விழாமல் பத்தியின் முழு அகலத்துக்கும் விழும். 4 செ.மீ. அகலப் போட்டோவுக்கு 16 செ.மீ. அகலத்தில் பெட்டி. பிறகு இன்டென்டை இரண்டு பக்கமும் இழுத்துச் சரிக்கட்ட வேண்டும்.

அலகுகளும் ஒத்துப்போவதில்லை. கோட்டின் தடிமனும் பத்திக் கட்டத்தின் இடைவெளியும் பாயிண்டில். ராப்பிங் தூரம் சென்டிமீட்டரிலோ அங்குலத்திலோ. ஒரு பாயிண்ட் என்பது 0.35 மி.மீ. 31 பாயிண்ட் கிட்டத்தட்ட 11 மி.மீ. கடையில் வேலை செய்பவர் கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைப்பதன் காரணம் சோம்பல் இல்லை. எந்த எண்ணும் இன்னொன்றோடு பேசாததுதான்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு இன்னொரு அடுக்குச் சிக்கலும் சேர்கிறது. இதைப் பற்றி ஆங்கிலக் கையேடுகள் பேசுவதில்லை. லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருக்களின் வரி உயரம் அதிகம். வேர்டில் அதே 12 பாயிண்டில் ஆங்கில வரியைவிடத் தமிழ் வரிகள் தள்ளித் தள்ளி விழும். ஒரு பக்க மனு ஒன்றரைப் பக்கமாகிவிடும் என்பதால் பலரும் லைன் ஸ்பேசிங்கை ‘எக்ஸாக்ட்லி’ என்று மாற்றி 16 அல்லது 18 பாயிண்ட் கொடுத்துவிடுவார்கள். எழுத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் படம் ஒரு பெரிய எழுத்தாக வரிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வரியின் உயரமோ 18 பாயிண்ட். விளைவு, போட்டோவின் அடியில் ஒரு கீற்று மட்டும் தெரியும், மீதி மறைந்துவிடும். படம் கெட்டுவிட்டது என்று மறுபடி ஸ்கேன் செய்வார்கள். படம் உள்ள பத்திக்கு மட்டும் லைன் ஸ்பேசிங்கை ‘சிங்கிள்’ ஆக்கினால் முழுப் படமும் வந்துவிடும்.

அடுத்தது கீழ் வெற்றிடம். வரிக்குள் இருக்கும் படம் எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டின்மேல் நிற்கும். அந்த அடிக்கோட்டுக்குக் கீழே கு, கூ, ஞு போன்ற எழுத்துகளின் வால் தொங்குவதற்காக எழுத்துரு கொஞ்சம் இடம் வைத்திருக்கும். தமிழ் எழுத்துருவில் அந்த இடம் தாராளம். கட்டம் கட்டிய பத்திக்குள் படத்தை வைத்து மேலும் கீழும் ஒரே எண் கொடுத்தாலும், கீழே அதிகமாகத் தெரிவது இதனால்தான். இதற்குமேல் புதிய வேர்ட் பதிப்புகள் ஒவ்வொரு பத்திக்கும் பிறகு 8 பாயிண்ட் தானாகச் சேர்க்கும். 2007, 2010 பதிப்புகளில் அது 10. கடைக்காரர் பேடிங்கைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் பார்க்கும் வெள்ளையில் ஒரு பங்கு எழுத்துருவினுடையது, ஒரு பங்கு பத்தியினுடையது. படம் இருக்கும் வரியின் எழுத்தளவை 1 பாயிண்ட் ஆக்கிவிடுவது பழைய கைகளின் தந்திரம். அசிங்கமான தந்திரம்தான், ஆனால் பலிக்கும்.

லிப்ரெ ஆபிஸ் ரைட்டரில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் ரைட்டருக்குத் தனி வரலாறு உண்டு. 2000களின் நடுவில் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் அதன் முன்னோடியான ஸ்டார் ஆபிஸ் இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு, ரைட்டரைக் கொண்ட சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. 2018இல் புதுப்பித்த பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் மாணவர்கள் சொற்செயலி என்று படிப்பது அதே வம்சத்து ஓப்பன் ஆபிஸ் ரைட்டரைத்தான். பள்ளியில் ரைட்டர், கடையில் வேர்ட். பதினேழு வயதில் ஒரு பெட்டியில் படித்ததை இருபது வயதில் இன்னொரு பெட்டியில் தேடுகிறார்கள்.

ரைட்டர் வேர்டைவிட நேர்மையானது என்பது என் கருத்து. படத்தின்மேல் வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் போனால் பார்டர்ஸ் என்ற தாவலில் கோடும் பேடிங்கும் ஒன்றாக இருக்கும். ராப் தாவலில் வெளி இடைவெளி. படம் வரிக்குள் இருந்தாலும் மிதந்தாலும் இரண்டும் உண்டு. பழைய ஓப்பன் ஆபிஸில் ஒரு குறை: பேடிங்குக்கு ‘ஸ்பேசிங் டு கன்டென்ட்ஸ்’ என்று பெயர், ராப் தாவலில் இருந்ததற்கும் ‘ஸ்பேசிங்’ என்றே பெயர். பள்ளிப் பாடத்தில் இரண்டையும் பார்த்த பிள்ளை எது உள்ளே, எது வெளியே என்று மாற்றிப் போட்டால் ஆச்சரியமில்லை.

ரைட்டரின் உண்மையான பொறி வேறிடத்தில் இருக்கிறது. அங்கே அளவு என்பது கோடு, பேடிங் எல்லாம் சேர்த்த வெளி அளவு. பாஸ்போர்ட் போட்டோ ஒன்றை 3.5க்கு 4.5 செ.மீ. என்று வைத்துவிட்டு, நான்கு பக்கமும் 2 மி.மீ. பேடிங் கொடுத்தால் பெட்டி பெரிதாகாது. படம் 3.1க்கு 4.1 ஆகச் சுருங்கும். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 0.778இலிருந்து 0.756 ஆகிவிடும். முகம் ஏறக்குறைய மூன்று சதவீதம் ஒல்லியாகும். வாடிக்கையாளர் காரணம் சொல்ல மாட்டார், “போட்டோ என்ன ஒரு மாதிரி இருக்கு?” என்பார். சரியான வழி, பேடிங்கை முதலிலேயே கூட்டி அளவை 3.9க்கு 4.9 என்று கொடுப்பது. பெட்டி இதைத் தானாகச் செய்யாது.

வெளி அளவா, உள் அளவா என்ற இந்தச் சண்டை சொற்செயலியோடு நிற்கவில்லை. வலைப்பக்கத் தோற்றத்துக்காக 1996 டிசம்பரில் வெளியான சிஎஸ்எஸ் முதல் தரம், அகலம் என்றால் உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே, பேடிங்கும் பார்டரும் அதற்கு மேலே என்று வகுத்தது. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து எண்ணியது. வலைப்பக்கம் கட்டுபவர்கள் பல வருடம் இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு தவித்தார்கள். 2001இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 6 தரத்துக்கு வந்தது. பிறகு பாக்ஸ்-சைஸிங் என்ற ஒரு பண்பைச் சேர்த்து, எந்தக் கணக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வேலைக்கு வசதியானது தோற்றுப்போன எக்ஸ்ப்ளோரர் 5இன் கணக்குதான் என்று பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் பின்னாளில் அதையே தேர்ந்தெடுத்தார்கள். வலையில் அந்தத் தேர்வு பயனர் கையில் இருக்கிறது. சொற்செயலியில் அந்தத் தேர்வைக் கேட்கும் பொத்தான் கிடையாது.

படங்களை வரையும் மென்பொருள்களில் இன்னொரு விதம். ஃப்ளெக்ஸ் பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் பெரும்பாலும் கோரல்டிராவில் செய்பவை. அங்கே கோடு இயல்பாக ஓரத்தின் நடுவில் விழும். பாதித் தடிமன் படத்தின் மேல், பாதி வெளியே. இன்டிசைனில் உள்ளே, நடுவில், வெளியே என்று கேட்டு வாங்கலாம். போஸ்டர் அளவில் இது யாருக்கும் தெரியாது. சின்னப் போட்டோவில் தெரியும்.

எவ்வளவு தெரியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போட்டோ தாளின் அளவு 4க்கு 6 அங்குலம், அதாவது 10.16க்கு 15.24 செ.மீ. வெறும் 3.5க்கு 4.5 போட்டோ என்றால் நீளத்தில் நான்கு, அகலத்தில் இரண்டு, எட்டு போட்டோ. சுற்றி 2 மி.மீ. வெள்ளை விட்டால் ஒவ்வொன்றும் 3.9க்கு 4.9, நீளத்தில் மூன்றுதான் நிற்கும். எட்டு ஆறாகிவிட்டது. 1.5 மி.மீ. விட்டால் 3.8 நான்கு முறை 15.2, வெறும் 0.4 மி.மீ. மிச்சத்தில் எட்டும் அடங்குகிற மாதிரி இருக்கும். ஆனால் கத்தரிப்பதற்கு அரை பாயிண்ட் கோடு போட்டால் ஒரு கோடு 0.18 மி.மீ., நான்கு போட்டோவுக்கு எட்டுக் கோடு, மொத்தம் 1.4 மி.மீ. தாளுக்கு வெளியே போய்விட்டது. அடுத்தடுத்த போட்டோக்கள் ஒரே கோட்டைப் பகிர்ந்துகொண்டால்கூட ஐந்து கோடு, 0.9 மி.மீ.; அதுவும் இடிக்கும். 1 மி.மீ. வெள்ளைதான் எட்டு போட்டோவுக்குப் பாதுகாப்பான அளவு. இந்தக் கணக்கெல்லாம் ஓரம் விடாமல் அச்சடிக்கும் இங்க்ஜெட்டுக்குத்தான். சாதாரண லேசர் பிரிண்டர் தாளின் ஓரத்தில் நாலைந்து மி.மீ. தொடாது என்பதால் வெளிக்கோடுகள் அப்படியே காணாமல் போகும். ஆக, கோட்டின் தடிமன் அளவில் சேருமா சேராதா என்பது ஒரு தாளில் இரண்டு போட்டோ கூடுமா குறையுமா என்பதைத் தீர்மானிக்கிற விஷயம்.

கூகுள் டாக்ஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோட்டுக்கு நிறம், தடிமன், புள்ளிக்கோடா முழுக்கோடா என்று உண்டு. ராப் செய்த படத்துக்கு வெளி இடைவெளி உண்டு. எட்டில் ஒரு அங்குலம் என்று தொடங்கும். உள்ளே வெள்ளை விடுவதற்கு எதுவும் இல்லை.

இந்தக் குறையைக் கடைக்காரர்கள் பல விதத்தில் தாண்டுகிறார்கள். பெயிண்டிலோ போட்டோஷாப்பிலோ படத்துக்கே வெள்ளை ஓரம் சேர்த்துக் கொண்டுவருவது ஒரு வழி. டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் படத்தை வைப்பது இன்னொன்று. வேர்டில் அந்தப் பெட்டிக்கு உள்ளே பக்கங்களில் 0.25, மேலும் கீழும் 0.13 செ.மீ. தானாகவே விடுபடும், மாற்றவும் செய்யலாம். ஆனால் பெட்டி மிதக்கும். மேலே இரண்டு வரி சேர்த்தால் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். கிராப் கருவியை உள்நோக்கி இழுக்காமல் வெளிநோக்கி இழுத்தால் படத்தைச் சுற்றி வெற்று ஓரம் உண்டாகும் என்பது பலருக்குத் தெரியாத வழி. வேர்டில் மூலைகளைப் பிடித்து இழுக்கலாம். ரைட்டரில் கிராப் எண்களை மைனஸில் கொடுக்க வேண்டும். அதன்மேல் பார்டர் போட்டால் கோடு அந்த வெற்று ஓரத்துக்கு வெளியே விழும். படம் சுருங்காது, மிதக்காது, பத்தி அகலத்துக்குக் கட்டம் விரியாது. தனிப் படம் ஒன்றுக்கு இதுவே சிறந்தது.

பல படங்கள் வரும் மனுவுக்கும் ரிப்போர்ட்டுக்கும் என் வாக்கு ஒற்றைக் கட்ட டேபிளுக்கு. ஒரு வரிசை, ஒரு செல், அதற்குள் படம், செல்லின் கோடு பார்டர், செல்லின் மார்ஜின் பேடிங். இலக்கணப்படி பார்த்தால் அட்டவணை என்பது தகவலை அடுக்குவதற்கு, படத்தைச் சட்டமிட அல்ல என்று ஒரு வாதம் உண்டு. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் இதை அட்டவணை என்றே வாசிக்கும் என்பதும் நியாயமான ஆட்சேபம். அச்சில் போகும் மனுவுக்கு அது பொருந்தாது. டேபிளில் மூன்று இடங்களைக் கவனித்தால் போதும். வேர்டில் செல் மார்ஜின் பக்கங்களில் 0.19 செ.மீ., மேலும் கீழும் பூஜ்யம் என்று இருக்கும். நான்கையும் ஒன்றாக்க வேண்டும். உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக விரியும் ஆட்டோஃபிட்டை அணைக்க வேண்டும். செல்லுக்குள் இருக்கும் பத்தியின் பின் இடைவெளியைப் பூஜ்யமாக்கி லைன் ஸ்பேசிங்கை சிங்கிளில் வைக்க வேண்டும். கீழே இன்னொரு வரிசை சேர்த்தால் ‘படம் 3: சேதமடைந்த வலை’ என்று குறிப்பு எழுதவும் இடம் கிடைக்கிறது. படமும் குறிப்பும் பிரிந்து வெவ்வேறு பக்கத்துக்குப் போவதைத் தடுக்க, படம் உள்ள பத்தியில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ போட்டுவிட வேண்டும்.

டேபிளுக்கு நான் வாக்களிப்பதற்குப் பெரிய காரணம் கோப்பு மாற்றம். ரைட்டரின் ஓடிஎஃப் வடிவம் 2005இல் தரமாகி 2006இல் ஐஎஸ்ஓ அங்கீகாரம் பெற்றது. வேர்டின் ஓஓஎக்ஸ்எம்எல் 2006இல் எக்மா தரம், 2008இல் ஐஎஸ்ஓ தரம். ஓடிஎஃப் கோப்பில் படத்துக்கு மார்ஜின், பார்டர், பேடிங் என்று மூன்று தனித்தனிக் குறிப்புகள் உண்டு. ஓஓஎக்ஸ்எம்எல்லில் படத்துக்குக் கோடும் எழுத்திலிருந்து நான்கு பக்கத் தூரமும் மட்டுமே. பேடிங்குக்கு இடம் ஒதுக்கவில்லை. ரைட்டரில் பேடிங் கொடுத்துச் செய்த ஆவணத்தை டாக்எக்ஸாகச் சேமிக்கும்போது அந்த எண்ணுக்குப் போய்ச் சேர இடம் இல்லை; மாற்றும் நிரல் அதை விட்டுவிடவோ வெளி இடைவெளியோடு சேர்த்துவிடவோ வேண்டியதுதான். பள்ளி லேப்டாப்பில் செய்த புராஜெக்டைப் பென் டிரைவில் கொண்டுவந்து கடையில் திறக்கும்போது படங்கள் நகர்ந்து கிடப்பதில் இதற்கும் பங்கு உண்டு. செல் மார்ஜினோ இரண்டு வடிவங்களிலும் தனி இடம் உள்ள விஷயம், அதனால் பெரும்பாலும் உருமாறாமல் போய்ச் சேர்கிறது. திருத்தம் முடிந்த கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிக் கடைக்குக் கொண்டுபோனால் இந்தக் கவலை எதுவும் இல்லை. ஆனால் கடைசி நிமிடத்தில் மனுவில் ஒரு தேதியை மாற்றச் சொல்லாத வாடிக்கையாளர் எர்ணாவூரில் அபூர்வம், அதனால் கடைக்காரர்கள் டாக்எக்ஸையும் சேர்த்தே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.